பதினோராம் நம்பர் டார்ச்

மூலநாதர் துணை

குருவிநத்தம்
1-11-2025, சனிக்கிழமை

மஞ்சுளாவுக்கு அண்ணி உமையாள் எழுதுவது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து எட்டு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. உன் அண்ணன் போனில் பேசினாய், நான் வாங்கியதும் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கிற முன்னே படித்துவிடு.

உன் வீட்டுக்காரர் பாக்யராஜ் அண்ணனுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? கணுக்கால் எலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னதாக உன் அண்ணன் சொன்னார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். அது என் வேலை, அதற்காக நீ மனசு மாற வேண்டாம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் நடுவில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "சோறாக்கத் தெரிஞ்சா போதாதா? பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்தக் கரண்டு வேல? உன் டார்ச்ச நம்பித்தான் அவுரு காலு போச்சு" என்றாய். வீட்டுக்கு வந்ததும், நான் செய்து கொடுத்த டார்ச்சுக்கெல்லாம் கணக்கு எழுதி வைக்கிற நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான் என்று உன் அண்ணன் மூலம் தெரிந்துகொண்டேன். விடியற்காலம் ஐந்து மணிக்கு சேதராப்பட்டு கம்பெனி வேனைப் பிடிக்க பாக்யராஜ் அண்ணன் நடந்து போயிருக்கிறார். மதகுக்குப் பக்கத்தில் ஏதோ சரசரத்திருக்கிறது. சின்ன வெளிச்சத்திலிருந்து பெரிய வெளிச்சத்துக்கு அழுத்தியிருக்கிறார். ஒரு நொடி எரிந்து மொத்தமாக அணைந்துவிட்டது. பின்வாங்கியதில் வாய்க்காலில் விழுந்துவிட்டார்.

என் நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"நம்பர் 11. கறுப்பு. மஞ்சுளா வீடு. பழைய பல்பை எடுத்துவிட்டுப் பெரிய எல்இடி, செம்புத் தகட்டின் மேல். வால் மூடி ஸ்பிரிங்கின் மேல் செம்புக் கம்பி, ஈயம் வைத்தது. செல் 4.17 வோல்ட். சின்ன வெளிச்சம் 0.3 ஆம்பியர். பெரிய வெளிச்சம் 5.2 ஆம்பியர். பத்து நிமிடம் எரித்தேன், கை பொறுக்கும் சூடு. கொடுத்த தேதி ஆகஸ்ட் 18."

அன்று சரியாக இருந்தது. அக்டோபர் 27 அன்று சரியாக இல்லை. நடுவில் என்ன ஆனது என்று டார்ச்சைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். என் சந்தேகம் கம்பியை ஒட்டிய அந்த ஈயத்தின் மேல். ஈயம் விட்டிருந்தால் இதே மாதிரி கம்பி வைத்துக் கொடுத்த டார்ச் இன்னும் ஐந்து இருக்கிறது. ஐந்து பேரும் இருட்டில் போகிறவர்கள். பூ பறிக்கப் போகும் அமுதம் அக்கா அதில் ஒருத்தி.

டார்ச்சை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. கேட்டதற்கு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்றாயாம். திறந்து கொடு.

உமையாள்


பண்டசோழநல்லூர்
4-11-2025

அண்ணிக்கு மஞ்சுளா எழுதுவது.

போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் சமாதானம் சொல்லிவிடுவீர்கள், அதோடு முடிந்துவிடும். முடியக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை.

டார்ச் வராது. அனுப்பினால் ராவோடு ராவாக ஏதோ செய்துவிட்டு "ஒன்றும் இல்லையே, நல்லாத்தானே எரியுது" என்பீர்கள். நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று சொல்லவில்லை. சரிசெய்யாமல் உங்கள் கை சும்மா இருக்காது என்று சொல்கிறேன். எங்கள் மிக்ஸியைப் பார்க்க மட்டும்தான் செய்கிறேன் என்று உட்கார்ந்து பிரித்துப்போட்டது ஞாபகம் இருக்கிறதா?

இங்கே நிலைமை என்ன தெரியுமா? அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே பாட்டு. "இவ தாய்வூட்டு டார்ச்சு என் புள்ள கால ஒடைச்சிது." பால்காரரிடம் சொல்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடமும் சொன்னார், அவர் "அப்பிடியா ஆயா" என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரோ கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் மீன் பிடிக்கிற வீடியோ பார்க்கிறார். கம்பெனியில் இவர் இடத்துக்கு வேறு ஆளை நிறுத்திவிடுவார்களோ என்று நான்தான் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். இனிமேல் அந்த ஈயம் வைக்கிற இரும்பைத் தொடமாட்டேன் என்று மூலநாதர் மேல் சத்தியம் செய்து எழுதுங்கள். அப்புறம் பார்க்கலாம்.

மஞ்சுளா


மூலநாதர் துணை

குருவிநத்தம்
7-11-2025, வெள்ளிக்கிழமை

மஞ்சுளாவுக்கு,

மிக்ஸி விஷயம் உண்மை. அது இன்று வரை ஓடுகிறது என்பதும் உண்மை.

சத்தியம் கேட்டாய். செய்கிறேன், ஆனால் இப்படி. தவறு என் கையால் நடந்தது என்று தெரிந்தால், இரும்பை வாங்கின கடைக்கே, வில்லியனூர் ஜலாலுதீன் பாயிடமே, திரும்பக் கொடுத்துவிடுகிறேன். அப்புறம் டார்ச் தொடமாட்டேன். மூலநாதர் மேல் சத்தியம். என் கையில் தவறு இல்லை என்றால் சத்தியம் இல்லை.

இதை எழுத எனக்குச் சுலபமாக இல்லை. நாலு வருஷம் முன்னால் மோட்டார் கொட்டகை டார்ச் அணைந்தபோது கத்தரிக்கோலால் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி விட்டிருந்தது, அவ்வளவுதான். அதைத் தொட்டதும் எரிந்தது. அன்றிலிருந்து மத்தியானம் சமையல் முடிந்து விளக்கு வைக்கிற வரைக்கும் இருக்கிற நேரம் எனக்கு இதுதான். யாரும் சொல்லித் தரவில்லை, தப்பித் தப்பிக் கற்றுக்கொண்டேன். காசு வாங்கியதில்லை. அதனால் இதை விடச் சொன்னால் வீட்டில் யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கு மட்டும்தான்.

டார்ச்சை நீ அனுப்ப வேண்டாம். நீயே திறந்து பார். உன் கண் முன்னால் தெரியட்டும். உன் அண்ணன் கையில் வோல்ட் அளக்கிற என் மீட்டரைக் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, இதில் ஷாக் அடிக்கிற அளவுக்குக் கரண்டு கிடையாது. ஆனால் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடு. செல்லின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் உலோகம் பட்டால் கை வெந்துவிடும்.

முதலில் வால் மூடியைத் திருகிக் கழற்று. ஸ்பிரிங்கின் மேல் செம்புக் கம்பி தெரியும். தீக்குச்சியால் மெல்ல நெம்பிப் பார். ஆடுகிறதா?

அப்புறம் செல்லை வெளியே எடு. மீட்டர் திருகை நான் கோடு போட்ட இடத்தில் வைத்திருக்கிறேன், திருப்பாதே. கறுப்பு ஊசியைத் தட்டையாக இருக்கிற அடிப்பக்கத்தில் வை. சிவப்பு ஊசியை மேலே குமிழ் மாதிரி இருக்கிறதே, அதன் நடுவில் வை. என்ன எண் வருகிறது? குமிழின் ஓரத்தில் வைத்தால் என்ன வருகிறது? கண்ணுக்குப் பட்டதை எல்லாம் எழுது. அர்த்தம் தெரியாவிட்டாலும் எழுது.

உமையாள்


பண்டசோழநல்லூர்
11-11-2025

அண்ணிக்கு,

நேற்று மத்தியானம் அத்தை தூங்கின பிறகு செய்தேன். அவர் கட்டிலிலிருந்து, "இன்னாடி, நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். "உங்க காலு எதனால ஒடைஞ்சிதுன்னு பாக்கறேன், சும்மா கெடங்க" என்றேன். போனை ஆஃப் செய்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் முதல் தடவை.

கம்பியை நெம்பினேன். ஆடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக நெம்பினேன், தீக்குச்சிதான் உடைந்தது. ஈயம் வெள்ளி மாதிரி பளபள என்று இருக்கிறது.

செல்லின் நடுவில் ஊசியை வைத்தேன். 0.00. கொஞ்சம் அழுத்தினால் 2 என்று வந்து 0.4க்குப் போகிறது, நிற்கவே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஓரத்தில் வைத்தால் 4.06, கல் மாதிரி நிற்கிறது. திரும்ப நடுவில் வைத்தேன், திரும்ப அதே ஆட்டம். அவர் நம்பாமல் என் கையிலிருந்து வாங்கி அவரும் வைத்துப் பார்த்தார். அவருக்கும் அதேதான்.

கண்ணுக்குப் பட்டதை எழுதச் சொன்னீர்கள். குமிழின் நடுவில் காவிக் கலரில் ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி கருகியிருக்கிறது. துருவா? நகத்தால் சுரண்டினேன், மாவு மாதிரி உதிர்ந்தது. பாதியோடு விட்டுவிட்டேன்.

கெட்ட செல்லைப் போட்டுக் கொடுத்தீர்களா அண்ணி?

மஞ்சுளா


மூலநாதர் துணை

குருவிநத்தம்
14-11-2025, வெள்ளிக்கிழமை

மஞ்சுளாவுக்கு,

நீ எழுதினது போல ஒழுங்காக எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செல் கெடவில்லை. ஈயம் விடவில்லை. அது துருவும் இல்லை. சந்தனமும் குங்குமமும்.

உன் கடிதம் வந்ததும் எங்கள் வீட்டு டார்ச்சைத் திறந்தேன். அதன் செல்லிலும் குமிழின் நடுவில் பொட்டு இருக்கிறது, இன்னும் சிவப்பு மாறாமல். அக்டோபர் ஒன்றாம் தேதி ஆயுத பூஜைக்கு நான் செய்து கொடுத்த டார்ச் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி வரிசையாக வைத்தோமே, நீயும் உன்னுடையதைக் கொண்டுவந்தாயே, அன்று வைத்தது.

சந்தனம் ஈரமாக இருக்கும்போது தெரியாது. காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும், கரண்டு போகாது. சின்ன வெளிச்சத்துக்கு இழுக்கிற கரண்டு கொஞ்சம், ஓரத்தில் கிடைக்கிற சந்திலேயே போய்விடும். பெரிய வெளிச்சம் போட்டால் பதினேழு பங்கு இழுக்கும். அது அந்தச் சந்தில் போக முடியாமல் கருகி, செல் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு டார்ச் தானே அணைந்துவிடும். பாக்யராஜ் அண்ணன் பூஜைக்குப் பிறகு அன்றுதான் முதல் முறையாகப் பெரிய வெளிச்சம் போட்டிருப்பார். கேட்டுப் பார்.

பொட்டு வைத்தது நான்தான். எரிவது செல்தானே, அதற்கு வைக்காமல் வெறும் கூட்டுக்கு வைத்து என்ன புண்ணியம் என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். நோட்டிலும் பதினொன்றுக்கு நேரே "பழுது: செல் நுனியில் சந்தனம். வைத்தது உமையாள்" என்று எழுதிவிட்டேன்.

உங்கள் அத்தையிடமும் பாக்யராஜ் அண்ணனிடமும் இதை இப்படியே சொல்லிவிடு. உன் பேரில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சத்தியம் சத்தியம்தான். திங்கட்கிழமை வில்லியனூர் போகிறேன்.

மீதி இருக்கிற சந்தனத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடு. நடுவில் வைத்தாலும் 4.06 வர வேண்டும்.

உமையாள்


பண்டசோழநல்லூர்
17-11-2025

அண்ணிக்கு,

துடைத்தேன். 4.06 வந்தது.

சொல்லிவிட்டேன், நீங்கள் எழுதியபடியே. அத்தை "அதான் நான் அன்னிக்கே சொன்னனே" என்றார். அவரைக் கேட்டேன். பூஜைக்குப் பிறகு அன்று வரைக்கும் பெரிய வெளிச்சம் போடவில்லையாம், அது சரி.

மீட்டரை அண்ணன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தைக்க வேண்டிய ஜாக்கெட் நிறையச் சேர்ந்துவிட்டது, அதனால் இவ்வளவுதான்.

மஞ்சுளா


மூலநாதர் துணை

குருவிநத்தம்
20-11-2025, வியாழக்கிழமை

மஞ்சுளாவுக்கு,

இரும்பைக் கொடுத்துவிட்டேன். ஈயச் சுருளையும் கொடுத்துவிட்டேன். பாய் "ஏன்மா, கெட்டுப் போச்சா?" என்றார். "இல்ல பாய், நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

பூஜைக்கு வந்திருந்த மற்ற ஐந்து டார்ச்சில் நாலை வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டேன். ஏன் துடைத்தேன் என்றும் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். உன் அண்ணன், "கமுக்கமா தொடச்சிக் குடுத்துட்டு வாயேன், எதுக்கு ஊரெல்லாம் சொல்லிக்கினு" என்றார். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் அவர்களே வைத்துவிடுவார்கள். பொட்டை வெளியே, பிடியில் வைக்கலாம், குற்றமில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அமுதம் அக்காதான் மசியவில்லை. மூடியைத் திருகினதும் கையைப் பிடித்துக்கொண்டது. "அடியே, பூஜையில வெச்ச குங்குமத்தத் தொடைக்கிறியா? கட்டினவன இழந்துட்டு நானே வெறும் நெத்தியோட நிக்கிறேன். இத வேற அழிக்கணுமா? லைட்டு எரியாட்டா போவுது, நீ கைய எடு" என்றது. நான் வைத்ததை நான்தானே எடுக்கிறேன் என்றேன். "நீ வெச்சியா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மழை பிடித்துக்கொண்டது. கனகாம்பரத் தோட்டத்தில் முழங்கால் உயரம் புல். அக்கா விடியற்காலம் நாலு மணிக்கே பறிக்கப் போகிறது. நேற்றும் போனேன், இன்றும் போனேன். கதவைத் திறக்கவில்லை. வேறு டார்ச் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுமா என்று பார்க்கிறேன். புதிதாக ஒன்று செய்யலாம் என்றால் என்னிடம் இரும்பு இல்லை.

மத்தியானத்தில் இப்போது சுந்தரர் தேவாரம் படிக்கிறேன். மனசு நிற்கிறது. கைதான் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறது.

உமையாள்


பண்டசோழநல்லூர்
24-11-2025, திங்கட்கிழமை

அண்ணி,

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அந்த நோட்டில்.

ஆயுத பூஜை அன்று நீங்கள் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தீர்கள். "மஞ்சு, டார்ச்சுக்கெல்லாம் பொட்டு வெச்சிடும்மா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தீர்கள். திறந்தது நான். உள்ளே வைத்தது நான். எரிவது செல்தானே, வெறும் கூட்டுக்கு வைத்து என்ன புண்ணியம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நான் சொன்னது. பொரித் தட்டோடு நீங்கள் வெளியே வந்தபோது உங்களிடமே சொன்னேன். அதற்குள் மூடியெல்லாம் திருகியாகிவிட்டது. நீங்கள் சிரித்துக்கொண்டே கற்பூரம் ஏற்றப் போனீர்கள். அப்படியே ஞாபகம் வைத்துக்கொண்டு உங்கள் பேரில் எழுதிவிட்டீர்கள்.

உங்கள் பதினாலாம் தேதிக் கடிதத்தைப் படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் "நீங்கள் எழுதியபடியே சொல்லிவிட்டேன்" என்று எழுதினேன். அத்தை வாய்க்குப் பயந்தேன். அதைவிட, உங்களை ஆஸ்பத்திரியில் அப்படிக் கேட்டுவிட்டு, அதெல்லாம் எனக்கே திரும்பி வருகிறதே என்று பயந்தேன். நீங்களே எடுத்துக்கொண்டீர்கள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் உங்கள் கை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறது என்று எழுதியதைப் படித்த பிறகு ஜாக்கெட் தைக்க முடியவில்லை. ஒரே கையை இரண்டு தடவை தப்பாக வைத்துத் தைத்துப் பிரித்தேன்.

சனிக்கிழமை அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்து கேட்டார்.

"நீயா வெச்ச?"

"நான்தான்."

"அப்ப அந்தத் தங்கச்சிகிட்ட ஒரு மாசமா எதுக்குடி பேசாம இருந்த?"

அதற்குள் உள்ளே இருந்து அத்தை, "இன்னாது? யாரு வெச்சது?" என்றார். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன். இரண்டு நாளாக அத்தைக்கு என்னோடு பேச்சு இல்லை. பால்காரரிடமும் இன்னும் சொல்லவில்லை, அதுதான் ஆச்சரியம். சொல்லட்டும். என் வீட்டுக்காரர் மட்டும் அன்று சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு அந்த டார்ச்சைக் கேட்டார். பெரிய வெளிச்சத்தைப் போட்டுக் கூரையில் அடித்துப் பார்த்துவிட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

இன்று காலை வில்லியனூர் போனேன். பாய் இரும்பை எடுத்து வைத்துவிட்டு, "இத எப்பிடிப் பிடிக்கணும்னு தெரியுமா உனக்கு?" என்றார். "தெரியாது பாய், தெரிஞ்சவங்க வூட்டுக்குத்தான் கொண்டு போறேன்" என்றேன். ஈயச் சுருளும் வாங்கிவிட்டேன். சத்தியம் உங்கள் கைக்குச் செய்தது. என் கையால் நடந்த தவறுக்கு இல்லை. மூலநாதருக்கு அது தெரியும். உங்களுக்குச் சந்தேகம் என்றால் குருக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் என்னை வைத்துக்கொண்டு கேளுங்கள். நோட்டில் இருக்கிற அந்த வரியை அடித்துவிட்டு என் பேரை எழுதுங்கள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. அமுதம் அக்கா தினமும் அந்த டார்ச்சோடுதான் போகிறார்கள். புதன்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், மீட்டரும் இரும்பும் என் பையில் வரும். கடிதம் உங்களுக்குக் கிடைக்கும் முன்னே நானே வந்து நின்றாலும் நிற்பேன்.

அவர்கள் வீட்டுக்கு நான் வருகிறேன். வைத்தவள் நான், அவர்கள் அன்று கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கேட்டால் கதவைத் திறப்பார்கள். பாவம் என்றால் எனக்கு வரட்டும் என்று சொல்லித் துடைத்துவிட்டு, அவர்கள் எதிரிலேயே பிடியில் புதிதாகப் பொட்டு வைக்கிறேன். முதலில் திட்டுவார்கள், திட்டட்டும். நீங்கள் வாசலில் நின்றால் போதும். நடுவில் புகுந்து, "இல்லக்கா, நான்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

மஞ்சுளா